முக்கத் தெரியாதவள் என்று சொல்லாதீர்கள்

எமது ஊர்களில் ஒரு பெண் பிள்ளை பெற்றுவிட்டாள் என்ற செய்தி வந்ததும், ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அடுத்ததாகக் கேட்கப்படுவது "சுகப்பிரசவமோ, ஒபரேசனோ?" என்பதாகும். இதற்கு இரண்டே பதில்கள்தான் உண்டென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். சுகப்பிரசவம் என்றால் அவள் கெட்டிக்காரி. ஒபரேசன் என்றால் நோவுக்குப் பயந்தவள், வயிற்றைக் கீறிச் சுகமாகப் பிள்ளையை எடுத்தவள்.

இந்த இரண்டிலும் அடங்காத ஒரு பெண்ணும் இருக்கின்றாள். நோ முழுவதையும் தாங்கி, கருப்பை வாய் முழுமையாகத் திறந்து, மணித்தியாலக் கணக்கில் முக்கியும் பார்த்து, அதன் பின்னர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவள் அவள். பிரசவத்தின் நோவையும் கத்தியின் காயத்தையும் ஒரே நாளில் பட்டவள். அவளுக்கென்று எமது பேச்சில் ஒரு சொல் இல்லை. இருக்கின்ற ஒரே சொல் ஏச்சுத்தான்: "முக்கத் தெரியாதவள்."

சமூகப்பணியாளராக வன்னிக் கிராமங்களில் வேலை செய்கின்ற எனக்கு இந்தச் சொல்லின் பாரத்தை உணர்த்தியவர் ஒரு 23 வயதுத் தாய். குடும்பப் பிணக்கு என்ற தலைப்பில்தான் அவரது விடயம் என்னிடம் வந்தது. குழந்தை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. தாய்வீட்டுக்குப் போனவர் கணவர் வீட்டுக்குத் திரும்ப மறுக்கின்றார் என்பதே முறைப்பாடு. கணவரோ வைத்தியசாலைக்கு எதிராக வழக்குப் போட வேண்டும் என்று நின்றார். மாமியார் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவளுக்கு முக்கத் தெரியேல்லை. பிள்ளையின்ர தலையை நெரிச்சுப் போட்டாள்."

நான் தாய்வீட்டுக்குச் சென்றபோது அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதிகம் பேசாமல் இருந்தார். இரண்டாவது தடவை சென்றபோதுதான் நடந்ததைச் சொன்னார். முதல் நாள் இரவு நோ தொடங்கியது. மறுநாள் பின்னேரம் கருப்பை வாய் முழுமையாகத் திறந்துவிட்டது, இனி முக்கலாம் என்றார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் முக்கியும் தலை இறங்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பும் குறையத் தொடங்கியதால் சத்திரசிகிச்சை செய்வோம் என்று வைத்தியர் சொன்னார். இவர் சம்மதித்தார். வெளியில் நின்ற கணவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "இன்னும் கொஞ்சம் முக்கட்டும், ஏன் கீறுவான்" என்று அங்கிருந்து பதில் வந்தது. அவர் உள்ளே ஆளனுப்பி, பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கின்றார். இந்தப் பேச்சுவார்த்தை முடிந்து தியேட்டருக்குள் செல்லச் சிறிது நேரம் சென்றுவிட்டது.

முள்ளந்தண்டில் ஊசி போட்டிருந்தபடியால் அவருக்கு நோகவில்லை. ஆனால் நினைவு இருந்தது. மேலே வயிற்றில் யாரோ பலமாக இழுப்பது தெரிந்தது. "வருகுதில்லை" என்று ஒருவர் சொன்னது கேட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலை விரிச்சுக் கீழாலை கையை வைச்சவை மிஸ். ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வயித்தைக் கீறினாப் பிறகு அங்கை ஏன் கை வைக்கோணும்? நான் இதை அவருக்கும் சொல்லேல்லை."

குழந்தை உடனே அழவில்லை. சிறப்புக் குழந்தைப் பராமரிப்புப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். தாய்க்குக் கருப்பை கிழிந்து இரத்தப்பெருக்கு ஏற்பட்டதால் இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் அவர் பிள்ளையைப் பார்த்தார். தலையில் வீக்கமும் கன்னத்தில் கண்டலும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தலையைத்தான் பார்த்தார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த சனத்தின் முன்னாலும் மாமியார் அதே வசனத்தைச் சொன்னார். அன்றுதான் இவர் தாய்வீட்டுக்குப் போனார்.

நான் சமூகவியல் படித்தவள். வைத்தியம் படித்தவள் அல்ல. எனவே அவரையும் கணவரையும் அழைத்துக்கொண்டு, அவரது அனுமதியுடன் நோய் நிர்ணய அட்டையையும் எடுத்துக்கொண்டு, எமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒழுங்கு செய்து தந்த மகப்பேற்று வைத்திய நிபுணர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் ஒரு தாளில் இடுப்பெலும்பைக் கீறி, ஒரு மணித்தியாலம் இருந்து விளங்கப்படுத்தினார். அன்று கேட்டதையும் அதன் பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் இங்கு எழுதுகின்றேன். எமது வாசகிகள் பலருக்கு இது பயன்படும் என்று நம்புகின்றேன்.

தலை இறுகுவது எப்படி?

பெண்ணின் இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. பிரசவத்தின்போது குழந்தையின் தலை நாடியை நெஞ்சோடு மடித்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் திரும்பி, அந்த வளையத்துக்குள்ளால் இறங்குகின்றது. சில வேளைகளில் குழந்தையின் முகம் தாயின் முதுகுப்பக்கம் பார்ப்பதற்குப் பதிலாக வயிற்றுப்பக்கம் பார்த்தபடி இருக்கும். சில வேளைகளில் தலை பக்கவாட்டில் நின்றுவிடும், அல்லது நாடி சரியாக மடிந்திராது. அப்போது அதே தலை கூடிய இடத்தைப் பிடிக்கின்றது. குழந்தை பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். கருப்பை சுருங்கிச் சுருங்கித் தள்ள, தலை முன்னேயும் போகாமல், பின்னேயும் வராமல் எலும்புக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகின்றது.

ஆகவே, முக்கத் தெரியாததனால் தலை இறுகுவதில்லை. தாய் பலமாக முக்கியிருந்தாலும் இடம் இல்லாத தலை இறங்காது. "நீங்கள் முக்கினபடியாத்தான் தலை அவ்வளவு கீழே இறங்கியிருந்தது" என்று வைத்திய நிபுணர் அந்தத் தாயைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவர் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

வயிற்றைக் கீறிய பின்னும் ஏன் வரவில்லை?

நோ தொடங்குவதற்கு முன் செய்யப்படும் சத்திரசிகிச்சையில் தலை மேலே இருக்கும். வைத்தியர் கையை உள்ளே விட்டுத் தலைக்குக் கீழே கொடுத்து எடுத்துவிடலாம். நீண்ட நேரப் பிரசவத்தின் பின்னர் தலை ஆழத்தில் இறுகியிருக்கும்போது, எலும்புக்கும் தலைக்கும் இடையில் கை நுழைய இடம் இருப்பதில்லை. அத்துடன் கருப்பையின் கீழ்ப்பகுதி இழுபட்டு மெலிந்து போயிருக்கும். அவசரப்பட்டு நெம்பினால் அந்தக் கீறல் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ கிழிந்து, பெரிய இரத்தக்குழாய்களுக்குள் போகலாம். சலப்பைக்கும் காயம் ஏற்படலாம். குழந்தையின் மண்டையோட்டில் வெடிப்பும் ஏற்படலாம். தாமதித்தாலோ குழந்தைக்கு ஒக்சிசன் குறையும். கிழிக்காமலும் தாமதிக்காமலும் எடுக்க வேண்டும். இதுதான் அந்தச் சில நிமிடங்களில் வைத்தியர்கள் எதிர்நோக்கும் சிக்கல்.

இதற்குச் சில வழிமுறைகள் உள்ளன. கருப்பையில் வழமையைவிடச் சற்று மேலே கீறுவார்கள். கட்டிலைப் பதித்து, தாயின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார்கள். கருப்பை சுருங்கும் நேரத்தில் இழுக்காமல், அது தளரும்வரை பொறுப்பார்கள். தேவைப்பட்டால் கருப்பையைத் தளர்த்தும் மருந்தை மயக்கமருந்து வைத்தியர் ஏற்றுவார்.

அதற்கும் வராவிட்டால், அனுபவமுள்ள ஒருவர் பிறப்பு வழியினூடாகக் கையை வைத்து, விரல்களை விரித்து, தலையை மெதுவாக மடித்து மேலே தள்ளிக் கொடுப்பார். மேலே நிற்கும் வைத்தியர் தலையை ஏந்தி எடுப்பார். விரல் நுனியால் குத்தித் தள்ளினால் மண்டையோட்டுக்கு ஆபத்து என்பதால் முழுக் கையையும் பரப்பியே தள்ள வேண்டுமாம்.

இன்னொரு முறையில், தலையைத் தொடாமல் மேலே கையை விட்டுக் குழந்தையின் கால்களைப் பிடித்து, கால் முதலாக எடுத்துத் தலையைக் கடைசியில் வெளியே கொண்டுவருவார்கள். தோள்களை முதலில் எடுத்து, பின் உடலையும் கால்களையும் எடுத்து, தலையை இறுதியாகத் தூக்கும் முறையும் உண்டு. 1957இல் இந்திய வைத்தியர்கள் எழுதி வெளியிட்ட இந்த முறை, அவர்களுள் ஒருவரின் பெயரால் பட்வர்தன் முறை என்று அழைக்கப்படுகின்றது. கீழிருந்து தள்ளுவதைவிடக் காலைப் பிடித்து எடுக்கும்போது கருப்பை கிழிவது குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எனினும் எல்லாத் தாய்மாருக்கும் இதுதான் சிறந்தது என்று ஒரு முறையை நிறுவுமளவுக்குச் சான்றுகள் போதாது. பிரித்தானியாவின் றோயல் மகப்பேற்று, பெண்ணோயியல் வைத்தியர் கல்லூரி 2023இல் இதுபற்றி வெளியிட்ட ஆய்வறிக்கையும், பயிற்சியும் ஆராய்ச்சியும் மேலும் தேவை என்றே கூறியது. அந்த அறிக்கையின்படி, பிரித்தானியாவில் முன்கூட்டித் திட்டமிடாமல் செய்யப்படும் சிசேரியன்களில் 10இல் ஒன்று வரையில் இந்தச் சிக்கல் ஏற்படலாம். வசதிகள் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு இது நடந்ததை அவளுடைய கெட்டித்தனக் குறைவென்று எப்படிச் சொல்வது?

"அப்ப கீழாலை கை வைச்சது பிள்ளையை மேலை தள்ளவோ?" என்று அந்தத் தாய் கேட்டார். "ஓம் பிள்ளை, அதுக்குத்தான். அதை உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும்" என்றார் வைத்திய நிபுணர். இரண்டு மாதங்களாகத் தனக்கு ஏதோ மானக்கேடு நடந்துவிட்டதாக மனதுக்குள் வைத்து மறுகிய பெண் அவர். ஒரு தாதியோ வைத்தியரோ அவரது காதருகே, "தலை இறுகியிருக்கு அம்மா, கீழிருந்து கொஞ்சம் தள்ளிக் கொடுக்கப் போகின்றோம்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் இந்தச் சுமை இருந்திராது. நேரமில்லாத வேளையில் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். மறுநாள் விடுதியில் சொல்ல நேரம் இருந்தது. உயிரைக் காப்பாற்றுகின்ற சேவை, அந்த உயிருக்கு நடந்ததைச் சொல்வதையும் தன் வேலையாகக் கருத வேண்டும் என்பது எனது பணிவான கருத்து.

கணவரின் கோபத்தையும் நான் தவறென்று சொல்லவில்லை. குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது என்பதனால் மட்டும் வைத்தியர் பிழைவிட்டார் என்று ஆகாது. அதேவேளை கேள்வி கேட்கக்கூடாது என்றும் ஆகாது. என்ன நடந்தது, யார் முடிவெடுத்தார், ஏன் என்று வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க குடும்பத்துக்கு உரிமை உண்டு. அவர் அப்படியே கேட்டார். விளக்கமும் கிடைத்தது. வழக்குப் பேச்சு அதன் பின்னர் எழவில்லை.

மாமியார் சொன்ன கதை

மாமியாரைச் சந்திக்க நான் தனியாகச் சென்றேன். படத்தைக் கீறிக் காட்டி, வைத்திய நிபுணர் சொன்னதைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவரது அனுமதியுடன் எழுதுகின்றேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர் முதற் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். தென்மராட்சியில் சில வாரங்கள் இருந்து, கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார். ஒரு கொட்டிலில் நோ தொடங்கியது. இரண்டு நாட்கள் முக்கியும் பிள்ளை பிறக்கவில்லை. உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டு போய்ச் சேர்த்தபோது பிள்ளையின் உயிர் இல்லை.

"தலை வந்து நிண்டிட்டுது எண்டு மருத்துவிச்சி சொன்னவ. நான் முக்கினது காணாது எண்டு என்ர மாமி சொன்னவ. சாகும்வரைக்கும் சொன்னவ. நானும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்."

அவரது மகன், அதாவது இந்தக் குழந்தையின் தகப்பன், அதன் பின்னர் பிறந்தவர். அந்தக் கொட்டிலில் நடந்ததும் மருமகளுக்கு நடந்ததும் ஒரே விடயம்தான். அன்று சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் எட்டாத தூரத்தில் இருந்தன, பிள்ளை இறந்தது. இம்முறை அவை பக்கத்தில் இருந்தன. பிள்ளை உயிரோடு இருக்கின்றது. ஆனால் இரண்டு பெண்களுக்கும் கிடைத்த ஏச்சு ஒன்றாகவே இருந்தது. ஒரு பெண் தான் சுமந்த பழியை அடுத்த பெண்ணின் தலையில் இறக்கி வைப்பதை நாம் மாமியார் கொடுமை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றோம். அதற்குள் இப்படி ஒரு சாவும் இருக்கலாம்.

அடுத்த கிழமை மாமியார் காயச்சரக்கும் ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டதாக எவரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளையைக் குளிக்கவார்த்துவிட்டு, தலையைத் தடவிப் பார்த்து, "வீக்கம் வத்திப் போச்சு" என்று சொன்னாராம். மேலும் மூன்று கிழமை கழித்து மருமகள் வீட்டுக்குத் திரும்பினார். பிள்ளைக்கு இப்போது ஒன்பது மாதம். இருக்கின்றான், தவழ்கின்றான். வளர்ச்சியைப் பார்ப்பதற்காகக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வது தொடர்கின்றது.

நாம் செய்யக்கூடியவை

எமது நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும் எமக்கு இருக்கின்றார். இது பல நாடுகளுக்குக் கிடைக்காத பலம். ஆகவே, கர்ப்பிணித் தாய்மாரும் குடும்பத்தவரும் பின்வருவனவற்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியவர் அந்தத் தாய். வயது வந்த, நினைவோடு இருக்கும் பெண் "ஓம்" என்று சொன்ன பிறகு கணவரோ மாமியாரோ நேரம் கேட்பது முறையல்ல. இந்தத் தாய்க்கு ஏற்பட்ட பாதிப்புக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சுத்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வாறான வேளையில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கணவனும் மனைவியும் மாதம் ஆகுமுன்னரே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிரசவம் எப்படி முன்னேறுகின்றது என்று கேட்கத் தயங்க வேண்டாம். 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, கருப்பை வாய் முழுமையாகத் திறந்த பின்னர் முதற் பிரசவம் வழமையாக 3 மணித்தியாலத்துக்குள்ளும், அடுத்த பிரசவங்கள் 2 மணித்தியாலத்துக்குள்ளும் நிறைவடைகின்றன. தாய் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது கூட இருப்பதையும் அதே பரிந்துரைகள் வலியுறுத்துகின்றன. உங்கள் வைத்தியசாலையில் அதற்கு இடம் உண்டா என்று கிளினிக்கிலேயே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, இவ்வாறான சத்திரசிகிச்சை நடந்திருந்தால் வீடு செல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு ஏன் சத்திரசிகிச்சை செய்தீர்கள்? கருப்பையில் கிழிவு ஏதும் ஏற்பட்டதா? அடுத்த பிள்ளைக்கு நான் எதைக் கவனிக்க வேண்டும்? நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கருப்பை வாய் முழுமையாகத் திறந்த பின்னர் சிசேரியன் நடந்த தாய்மாருக்கு, அடுத்த தடவை குறைமாதத்தில் பிரசவமாகும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாகும். எனவே அடுத்த கர்ப்பத்தில் முதல் வருகையிலேயே அந்த அட்டையைக் காட்ட வேண்டும். உயிருடன் பிள்ளை பிறந்த பின்னர் அடுத்த கர்ப்பம் தரிக்க 24 மாதங்களாவது பொறுப்பது நல்லதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

நான்காவது, காய்ச்சல், கெட்ட வாடையுள்ள கசிவு, கூடிய இரத்தப்போக்கு, சலம் தன்பாட்டில் வழிதல் என்பன இருந்தால் பத்தியச் சாப்பாட்டோடு காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். நித்திரையின்மை, தியேட்டர் நினைவு திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்துதல், பிள்ளையைத் தூக்க மனமின்மை என்பனவும் சொல்ல வேண்டிய வருத்தங்களே. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவற்றையும் சொல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளை பார்க்கப் போகும் எம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றவளிடம் சுகப்பிரசவமோ ஒபரேசனோ என்று கேட்பதை விட்டு, "உனக்கு இப்ப எப்பிடி இருக்கு பிள்ளை?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லத் தொடங்கினால், இடையில் எழும்பாமல் இருந்து கேளுங்கள்.